லியாங்சு மக்களின் ஜேடுக்குப் பிற்கால நூல்களில் பொருள் தேடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பண்டைய சீனத்து ஜேடு என்னும் கடினமான கல்லில் அமைந்த வேலைப்பாடுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். தமிழில் இப்பொருள் குறித்து எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் அதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் அக்கட்டுரை முழுவதையும் தாங்கி நிற்கும் ஒரு கருத்தை மறுக்காமல் இருக்க முடியவில்லை. வெளியே சதுரமும் உள்ளே வட்டத் துளையும் கொண்ட ‘சோங்’ பூமியையும், நடுவே துளையுள்ள வட்டத் தகடாகிய ‘பீ’ வானத்தையும் குறிக்கின்றன என்றும், ஐயாயிரம் ஆண்டுகளாகச் சீனர்கள் இவ்விரண்டையும் கொண்டே விண்ணையும் மண்ணையும் வழிபட்டு வந்தார்கள் என்றும் கட்டுரையாளர் உறுதியாக எழுதியிருக்கிறார்.

இந்த விளக்கம் ‘சோவ் லீ’ என்னும் சடங்கு நூலிலிருந்து வருவது. நீலப்பச்சை நிறப் பீயை வானத்துக்கும் மஞ்சள் நிறச் சோங்கைப் பூமிக்கும் படைக்க வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. ஆனால் போரிடும் அரசுகளின் காலத்தை (கி.மு. ஐந்தாம் முதல் மூன்றாம் நூற்றாண்டு வரை) ஒட்டித்தான் அது தொகுக்கப்பட்டது என்று அறிஞர்களில் பலர் கருதுகின்றனர். சோங்கைப் படைத்த லியாங்சு பண்பாடோ கி.மு. 3300 முதல் 2300 வரை தாய் ஏரியைச் சுற்றிய யாங்சி ஆற்று முகத்துவாரப் பகுதியில் செழித்து மறைந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்களின் சடங்கு விதியை, எழுதி வைத்த நூல் ஏதும் விட்டுச் செல்லாத ஒரு மக்களின் உள்ளக்கருத்தாக ஏற்றிச் சொல்வது அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன். ‘சோங்’ என்ற பெயரே நாம் பின்னால் சூட்டியதுதான். லியாங்சு மக்கள் அதை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பது அவர்களோடு போய்விட்டது.

இந்தப் பெயர் வந்த கதையைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தால் வாசகர்களுக்கே ஐயம் பிறந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் சியென்லோங் பேரரசர் தம் சேகரிப்பில் இருந்த சோங்குகளைக் கம்பு முனையில் பூட்டும் பழைய அணி என்று எண்ணினார். சிலவற்றைத் தலைகீழாக நிறுத்தி அவற்றின்மேல் தம் கவிதைகளையும் பொறிக்கச் செய்தார். 1889இல் வூ தாசெங் என்னும் அறிஞர் பழைய ஜேடுகளைப் பற்றித் தாம் வெளியிட்ட படநூலில், இவைதாம் ‘சோவ் லீ’ குறிப்பிடும் சோங்குகள் என்று இனங்கண்டார். அது அரிய பணிதான், ஆனால் பொருளின் வடிவத்தையும் நூலின் சொல்லையும் மட்டுமே வைத்துச் செய்த பணி. அதற்குப் பிறகும் பல பதிற்றாண்டுகள் இவற்றைப் பிற்காலத்துச் சோவ் அல்லது ஹான் அரச மரபுகளின் காலத்தவை என்றே கருதி வந்தார்கள். 1973இல் ஜியாங்சு மாநிலத்தின் சாவ்ஷியேஷானில் லியாங்சு மட்பாண்டங்களோடு ஒரே கல்லறையில் சோங் கிடைத்தபோதுதான் அதன் உண்மையான வயது தெரிந்தது. மதிப்பிட்டதைவிட ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் அது மூத்தது என்பதைச் சொன்னது நூல் அன்று, பக்கத்தில் கிடந்த மண்சட்டி.

1986இல் லியாங்சு கல்லறைத் திடல்களான ஃபான்ஷானிலும் அடுத்த ஆண்டு யாவோஷானிலும் நடந்த அகழாய்வுகள் மேலும் எவ்வளவோ தந்தன. எலும்புகள் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்ட அக்கல்லறைகளில் ஜேடு மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. ஃபான்ஷானின் பன்னிரண்டாம் கல்லறையில் தலைமாட்டருகே இருந்த சோங் 6.5 கிலோ எடை கொண்டது. அதன் உயரமோ 9 சென்டிமீட்டர்கூட இல்லை. இறகுத் தலையணி சூடிய மனித முகமும், அதற்குக் கீழே பெரிய கண்களையுடைய விலங்கும் இணைந்த உருவம் அதில் எட்டு இடங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் நெருப்புப்பெட்டி அளவுகூட வராது. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் நான்கைந்து கோடுகள் ஓடும் இடங்களும் உண்டு. அதே முகம் கோடரிகளிலும் சீப்புத் தலைகளிலும் மீண்டும் மீண்டும் வருகிறது. லியாங்சு மக்கள் எதை வணங்கினார்கள் என்று கேட்டால், நான் சுட்டிக்காட்டுவது இந்த முகத்தைத்தான். பீ தகடுகளில் பெரும்பாலானவற்றிலோ எந்த உருவமும் இல்லை. சிதுன் என்னும் இடத்தில் இளைஞன் ஒருவனின் கல்லறையில் 24 பீக்களும் 33 சோங்குகளும் உடலைச் சூழ்ந்து கிடந்தன, அவற்றுள் சில தீயில் வெந்திருந்தன. விண்ணுக்கும் மண்ணுக்கும் படைத்தவை என்பதைவிட, இறந்தவரோடு பிணைந்த வேறொரு சடங்குக்கு உரியவை என்றே இந்த அமைப்பு நினைக்கத் தூண்டுகிறது.

கட்டுரையில் ‘உளியால் செதுக்கினர்’ என்று வருவதையும் குறிப்பிட வேண்டும். லியாங்சு மக்களிடம் உலோகக் கருவிகள் இல்லை. நெஃப்ரைட் வகை ஜேடின் கடினத்தன்மை, கனிமங்களை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவில் 6 முதல் 6.5 வரை. அதன் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அடித்தாலும் எளிதில் உடையாது. ஆகவே அதை இழைத்தார்கள். ஈர மணலில் தோய்ந்த கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துக் கல்லை அறுத்தார்கள். குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை 7 என்பதால் கல்லைத் தின்றது மணல்தான், கயிறு அதைச் சுமந்து சென்றது, அவ்வளவே. துளையிட உள்ளே கூடான தண்டுகளைச் சுழற்றினார்கள். இரு பக்கமிருந்தும் துளைத்து வந்ததால் நடுவே இரண்டு துளைகளும் சந்தித்த விளிம்பு இன்றும் பல சோங்குகளின் உட்புறத்தில் தட்டுப்படுகிறது. மெல்லிய கோடுகளை மட்டும் கூரிய கல்முனையால் கீறியிருக்க வேண்டும். நம் மொழியில் ‘இழைத்தல்’ என்ற பொருத்தமான சொல் இருக்கையில் ‘செதுக்குதல்’ எதற்கு? ஜேடை ‘மரகதம்’ என்று மொழிபெயர்த்திருப்பதும் தவறு. மரகதம் முற்றிலும் வேறு கனிமம்.

‘ஐயாயிரம் ஆண்டுச் சீன மரபு’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. லியாங்சுவுக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், லியாவ் ஆற்றுப் படுகையில் வாழ்ந்த ஹோங்ஷான் மக்கள் சோங் செய்யவில்லை. அவர்கள் செய்தவை பன்றி முகத்தோடு சுருண்ட உருவங்கள், மேகம் போல் வளைந்த தகடுகள், ஆமைகள். அவர்களது நியூஹேலியாங் கல்லறைகளில் முதியவர் ஒருவர் கைக்கொரு ஜேடு ஆமையை ஏந்தியபடி அடக்கம் செய்யப்பட்டிருந்தார். 1971இல் உள்மங்கோலியாவின் சான்ஷிங்தாலாவில் கிடைத்த 26 சென்டிமீட்டர் உயரமுள்ள வளைந்த ஜேடு நாகம் இன்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் அது கிடைத்தபோது அதன் காலம் எவருக்கும் புரியவில்லை. 1984இல் நியூஹேலியாங் கல்லறை ஒன்றில் இறந்தவரின் மார்பின்மேல் அத்தகைய சுருண்ட உருவங்கள் இரண்டு கிடைத்த பின்னரே அதுவும் ஹோங்ஷான் மக்களுடையது என்று விளங்கியது.

அன்யாங்கில் 1976இல் திறக்கப்பட்ட, ஷாங் அரச மரபைச் சேர்ந்த அரசி ஃபூ ஹாவின் கல்லறையில் இருந்த 755 ஜேடுகளுக்குள் ஒரு ஹோங்ஷான் பொருளும் இருந்தது. கி.மு. 1200ஐ ஒட்டி வாழ்ந்த அந்த அரசிக்கே அது தொன்மைப் பொருள். அதை இழைத்தவர்கள் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஹான் இளவரசர் லியு ஷெங்குக்கு 2498 ஜேடுத் துண்டுகளைப் பொற்கம்பியால் கோத்து உடல் முழுவதையும் மூடும் உடை செய்தார்களே, அது உடலை அழியாமல் காக்கும் என்ற நம்பிக்கையும் அந்தக் காலத்துக்கே உரியது. அதைப் பின்னோக்கி இழுத்துச் சென்று லியாங்சு கல்லறையில் வைப்பதும் பொருந்தாது.

கட்டுரையோடு வெளியான நான்கு படங்களில் ஒன்றில்கூட அந்தப் பொருள் எந்த ஊரில், எந்த ஆண்டு, எந்தக் கல்லறையில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லை. இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது அக்குறிப்பைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வணிகர்கள் வழியாக அருங்காட்சியகத்துக்கு வந்த பொருளாயின், ‘கிடைத்த இடம் தெரியாது’ என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்