பிளஸ் டூ லேப்ல பசங்களை ஆஸ்பிரின் செய்ய விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் ஒரு மேல்நிலைப்பள்ளில கெமிஸ்ட்ரி வாத்தியார். நம்ம ஊர்ல பிராக்டிகல்னா டைட்ரேஷனும் (ஒரு கரைசலை சொட்டு சொட்டா விட்டு இன்னொண்ணோட செறிவை அளக்குறது) அனாலிசிஸும்தான், டெஸ்ட் டியூப்ல இருக்குறது என்னன்னு கண்டுபிடி, ரெக்கார்டுல எழுது, அவ்ளோதான். ஒரு பொருளை தானே தயாரிச்சு அது சரியா வந்துருக்கான்னு சோதிச்சு பாக்குற வாய்ப்பு பசங்களுக்கு கிடைக்கிறதே இல்ல. அதுக்கு ஆஸ்பிரினை விட நல்ல பாடம் எனக்கு தெரிஞ்சு கிடையாது.

2 கிராம் சாலிசிலிக் ஆசிட், 5 மில்லி அசிட்டிக் அன்ஹைட்ரைடு, அடர் சல்பூரிக் ஆசிட் சில சொட்டு, வெந்நீர்ல கால் மணி நேரம் வெச்சுட்டு, கொஞ்சம் ஆறினதும் தண்ணிய சொட்டு சொட்டா விட்டு ஐஸ்ல வெச்சா வெள்ளை கிறிஸ்டல் இறங்கும். 1897-ல பேயர் கம்பெனில ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் செஞ்சதும் இதே ரியாக்‌ஷன்தான். கணக்குப்படி 2 கிராம் சாலிசிலிக் ஆசிட்டுக்கு 2.6 கிராம் ஆஸ்பிரின் வரணும், ஆனா வராது, வடிகட்டுறப்பவும் கழுவுறப்பவும் கொஞ்சம் போயிடும், எங்க போச்சுன்னு பசங்க யோசிக்கிறாங்க பாருங்க, அதுதான் படிப்பு. அப்புறம் ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு. ஊதா கலர் வந்தா சாலிசிலிக் ஆசிட் இன்னும் மிச்சம் இருக்கு, திரும்ப கிறிஸ்டல் ஆக்கணும். செஞ்சதை யாரும் வாயில வெக்கக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லணும், கண்ணாடியும் கையுறையும் இல்லாம தொடவும் விடக்கூடாது.

சிக்கல் அசிட்டிக் அன்ஹைட்ரைடுலதான். ஹெராயின் தயாரிக்கவும் அதை யூஸ் பண்றாங்கன்னு 1993-லேர்ந்தே மத்திய அரசு அதை கட்டுப்பாட்டு பட்டியல்ல வெச்சிருக்கு. கட்டுப்பாடு வேணும், அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல, ஆனா ஒரு ஸ்கூல் தனியா போய் பேப்பர் வேலை எல்லாம் பாத்து வாங்குறதுன்னா எந்த எச்.எம்மும் வேண்டாம்னுதான் சொல்வாங்க. பத்து குரூப்புக்கு மொத்தமே 50 மில்லி போதும். கல்வித்துறையே மொத்தமா வாங்கி, கணக்கு வெச்சு, மாவட்ட அளவுல பிரிச்சு குடுக்கலாமே, அளந்து ஊத்துறதை வாத்தியாரே பண்ணிக்கலாம்.

அது வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதும் இல்ல. தாத்தா பாட்டி ஹார்ட்டுக்கு போடுற 75 மி.கி. மாத்திரைல காலாவதியானது வீட்டுல கெடந்தா லேபுக்கு கொண்டுவர சொல்லலாம். ஈரக்காத்துல ஆஸ்பிரின் உடைஞ்சு வினிகர் வாசனை அடிக்கும், அதுலயும் ஃபெரிக் குளோரைடு விட்டா ஊதா கலர் வரும். ஊட்டில விக்கிற வின்டர்கிரீன் ஆயில் இருக்குல்ல, அதுல பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட்தான் (சாலிசிலிக் ஆசிட்டோட எஸ்டர்), அதை காஸ்டிக் சோடாவோட கொதிக்க வெச்சு ஆறினப்புறம் ஆசிட் சேர்த்தா சாலிசிலிக் ஆசிட்டே வெள்ளையா இறங்கும், இதுக்கு எந்த லைசென்ஸும் வேணாம்.

அடுத்த தடவை பிராக்டிகல் பட்டியலை திருத்துறப்ப இதை சேர்க்கணும்னு பாடத்திட்டக் குழுவை கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்
நாகப்பட்டினம் மாவட்டம்