கோமதிக்கு: 2012-இன் காலிக் கட்டம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் நடுவில், கடல் நன்றாக உள்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிகிற வற்றம் வந்துவிட்டது, உனக்குத் தெரியாததா, அந்த நாலைந்து நாளும் வேறு எந்த வேலையும் ஓடாது. இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 2012 கோடையில் பாறைக்குக் கொண்டுவருவாயே, சட்டைப் பையில் வைக்கிற சின்ன நீல நோட்டு, அது இன்னும் உன்னிடம் இருக்கிறதா?

கரையோரப் பாறைகளில் வருடாவருடம் உயிர்களை எண்ணி நாம் எழுதிய பழைய தாள்களை எல்லாம் இப்போது ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றிவைத்த அட்டவணையோடு வரிக்கு வரி சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வரைபடத்தைக் கொண்டுவந்து, "அக்கா, நட்சத்திர மீன்களுக்கு நோய் வந்தது 2013-இல்தானே, நம்முடைய மூன்றாவது இடத்தில் 2012-லேயே பூஜ்யம் ஆகிவிட்டதே?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசல் தாளைத் தேடி எடுத்தால் அதில் பூஜ்யம் இல்லை. எதுவுமே இல்லை. உன் கையெழுத்தில் மட்டி, பாறையில் ஓட்டோடு ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு, பாசி எல்லா வரிசையும் நிரம்பியிருக்கிறது, நட்சத்திர மீன் வரிசையில் மூன்றாவது இடத்துக்கு நேரே மட்டும் கட்டம் காலி, அதன்மேல் உப்புத்தண்ணீர் காய்ந்த கறை. அந்தக் காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று கணினியில் அடித்தது நான்தான், கோமதி. இத்தனை வருடமாக அது அப்படியே இருந்திருக்கிறது.

பார்த்தோம், ஒன்றும் இல்லை என்பது வேறு. பார்க்கவே இல்லை என்பது வேறு. நாம் சேர்ந்த புதிதில் இதைத்தான் நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது எனக்கு அது தாளை ஒழுங்காக நிரப்பச் சொல்கிற அறிவுரையாகத்தான் பட்டது. இப்போதுதான் அதன் கனம் புரிகிறது.

வேறு ஏதாவது ஒரு வருடமாக இருந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். 2012 என்பது நோய்க்கு முந்தைய கடைசி ஆண்டு. 2013 ஜூனில் வாஷிங்டன் மாநிலக் கரையில், நம்மைப் போல வழக்கமான கணக்கெடுப்புக்குப் போனவர்கள்தான் கைகள் முறுக்கிக்கொண்டு புண் வைத்த நட்சத்திர மீன்களை முதலில் கவனித்தார்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் அலாஸ்காவிலிருந்து மெக்சிகோ வரைக்கும் இருபதுக்கு மேற்பட்ட இனங்களில் அது பரவிவிட்டது. கை தனியாகக் கழன்று நகர்ந்துபோவதையும் உடல் கூழாகிப் பாறையில் வெள்ளைத் தடமாக வழிவதையும் நாம் இரண்டு பேரும் பார்த்தோம். இருபதுக்கும் மேல் கைகள் வைத்த பெரிய சூரியகாந்தி நட்சத்திர மீன் 2020-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலுக்கே போய்விட்டது. காரணம் என்ன என்று ஒரு விடை கிடைக்க 2025 ஆனது. விப்ரியோ வகையைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா, அந்தச் சூரியகாந்தி இனத்தில் சோதித்து உறுதி செய்திருக்கிறார்கள். நீ செய்தியில் பார்த்திருப்பாய்.

சரி, நட்சத்திர மீன் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சூழலியலாளர் ராபர்ட் பெயின் செய்த சோதனைதான் நமக்கெல்லாம் அரிச்சுவடி. 1963-இல் வாஷிங்டன் மாநிலக் கரையில் இருக்கிற மக்கா விரிகுடாவில் ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திர மீன்களைப் பிடுங்கி எடுத்து ஆழத்தில் எறிந்துகொண்டே இருந்தார். தின்ன ஆள் இல்லாமல் மட்டிகள் கீழே கீழே இறங்கி இடத்தைப் பிடித்துக்கொண்டன, அங்கே இருந்த பதினைந்து இனங்கள் எட்டாகச் சுருங்கின. அவர் கையால் செய்ததை நோய் கரை முழுக்கச் செய்துவிட்டது. நம் மூன்றாவது இடத்திலும் மட்டிப் படுகையின் கீழ்விளிம்பு முன்பைவிட இறங்கியிருக்கிறது, போட்டோக்களை அடுக்கிப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் அது நட்சத்திர மீன் போனதால் இறங்கியதா, அதற்கு முன்பே இறங்க ஆரம்பித்துவிட்டதா? அந்த இடத்தில் 2012-இல் எத்தனை இருந்தன என்று தெரியாமல் நான் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு கட்டம்!

"இத்தனை வருடமாக அதே கல்லை எண்ணி என்ன கண்டோம்" என்று உன் கடிதத்தில் கேட்டிருந்தாய். வலியோடு படுத்திருக்கும்போது எழுதியது என்று எடுத்துக்கொண்டாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நிதி கொடுப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், "போன வருடமும் இதே அறிக்கைதானே" என்று. போன வருடமும் இதேதான் என்று சொல்ல முடிவதற்காகத்தானே இவ்வளவு பாடு! வில்லிஸ் ஹியூவட்டை நினைத்துக்கொள்வேன். 1931-லிருந்து 1933 வரை கலிபோர்னியாவின் ஹாப்கின்ஸ் கடல் நிலையத்தில், ஒரு மாணவராக, கரையிலிருந்து கடலை நோக்கிக் கோடு போட்டு, கோடு நெடுகச் சதுர கஜம் சதுர கஜமாக எண்ணிவைத்தார். கடல் சூடாவதைப் பற்றி அவருக்கு எந்த எண்ணமும் இருந்திருக்காது, தான் பார்த்ததை முழுசாக எழுதவேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் இருந்தது. அறுபது வருடம் கழித்து இரண்டு மாணவர்கள் பாறையில் அவர் அடித்த போல்ட்டுகளைத் தேடிக் கண்டுபிடித்து, அதே இடத்தில் மறுபடி எண்ணினார்கள். நாற்பத்தைந்து இனங்களை ஒப்பிட்டதில், தெற்கத்திய வெதுவெதுப்பான கடலுக்குரிய ஒன்பதில் எட்டு பெருகியிருந்தன, வடக்கத்திய குளிர்க்கடல் இனங்கள் எட்டில் ஐந்து குறைந்திருந்தன. அந்தக் கரையில் கடல்நீரின் சராசரி வெப்பம் அதற்குள் 0.75 டிகிரி கூடியிருந்தது. ஹியூவட் அன்றைக்கு அலை அதிகம் என்று இரண்டு கட்டத்தைக் காலியாக விட்டிருந்து, பின்னால் யாரோ அதைப் பூஜ்யம் ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த மாதம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது நம் வேலையில் இருக்கிற ஒரு குறையையும் சொல்லவேண்டும். நீயும் நானும் ஒருமுறை வண்டியில் வரும்போது இதைப் பேசி நேரம் போனதே தெரியவில்லை, ஞாபகம் இருக்கிறதா? நிரந்தரக் கட்டங்களை, அதாவது வருடாவருடம் அதே இடத்தில் எண்ணுகிற பாறைச் சதுரங்களை, முதலில் எங்கே வைத்தார்கள்? மட்டியைக் கவனிக்க வேண்டிய கட்டத்தை மட்டி நெருக்கமாக இருந்த இடத்தில், கொட்டலசுக்கானதைக் கொட்டலசு மொய்த்த இடத்தில். நூற்றுக்குத் தொண்ணூறு மூடியிருக்கிற இடத்தில் எண்ணுகிற சதுரச் சட்டத்தை வைத்துவிட்டு வருடாவருடம் போய்ப் பார்த்தால் அது குறைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், கூடுவதற்கு எங்கே இடம்? ஒரு புயலில் கொஞ்சம் பிய்ந்துபோகும், அதே சமயம் பத்தடி தள்ளி வெறும் பாறையில் புதுசாக மட்டி பிடித்திருக்கும், நம் சட்டத்துக்குள் அது வராது. முதல் சில ஆண்டுகளின் சரிவைப் பார்த்து யாராவது பதறினால் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது நிரந்தரக் கட்டங்களோடு சேர்த்து, முழுப் பாறைக்கும் கோடு போட்டு விளிம்புகள் எங்கே இருக்கின்றன என்று அளப்பதையும் செய்கிறோம். வேலை இரட்டிப்பாகிறது, ஆனால் நிம்மதியாக இருக்கிறது.

ஒரு போட்டோவை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது அலாஸ்காவில் இருக்கிற மெர்ன்ஸ் பாறையைத்தான். 1989 மார்ச்சில் எக்சான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிய பிறகு, 1990-லிருந்து ஒவ்வொரு கோடையிலும் அந்த ஒரே பாறாங்கல்லைப் படம் பிடித்துவருகிறார்கள். சில ஆண்டு கனத்த பழுப்புப் பாசி போர்த்திக்கொண்டு நிற்கும், சில ஆண்டு மொட்டையாக இருக்கும், சில ஆண்டு மட்டி ஏறியிருக்கும். நடுவில் ஏதோ ஒரு வருடப் படத்தை மட்டும் பார்த்தால் எண்ணெயால் செத்துவிட்டது என்றும் சொல்லலாம், முழுசாகத் தேறிவிட்டது என்றும் சொல்லலாம். எண்ணெயே படாத பாறைகளும் இப்படித்தான் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் சாதாரணமாக எவ்வளவு என்று தெரிந்தால்தான் எது அசாதாரணம் என்று சொல்ல வாய் வரும்.

டிரோன் பற்றிக் கேட்டிருந்தாய். வாங்கிவிட்டோம், நன்றாகவே இருக்கிறது. மேலிருந்து பாறை முழுவதையும் சில நிமிடங்களில் எடுத்துவிடுகிறது, மட்டி விளிம்பைப் பார்க்க அதைவிட வசதி கிடையாது. போட்டோவில் நூறு புள்ளி வைத்து ஒவ்வொன்றின் கீழும் என்ன இருக்கிறது என்று குறிக்கிற வேலையையும் கணினி பாதிக்கு மேல் செய்துவிடுகிறது. ஆனால் பாறை விளிம்பின் அடியில் தலையை நுழைத்துப் பார்க்க அதற்குத் தெரியாது. நட்சத்திர மீன் இருப்பதெல்லாம் அங்கேதானே.

இந்த வற்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தேகாலுக்கு மூன்றாவது இடத்தில் இறங்கினோம். தண்ணீர் நன்றாகவே வடிந்திருந்தது, நீ உட்கார்ந்து தேநீர் குடிப்பாயே அந்தச் சாய்ந்த பாறைக்கும் கீழே போய்விட்டது. மட்டிகள் மூடிக்கொள்ளும் அந்தக் கிடுகிடு சத்தம் மட்டும்தான். நான் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு டார்ச்சை விளிம்புக்கு அடியில் நீட்டினேன். முதலில் கடல் சாமந்திகள், பூ மாதிரி விரிகிற அந்தப் பிராணிகள், சுருங்கி மணல் ஒட்டிக்கொண்டு பச்சைப் பொத்தான்கள் மாதிரி. அதற்கு உள்ளே, மட்டிக் கொத்துக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கிற பிளவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நட்சத்திர மீன். ஊதா நிறம். முதுகில் வெள்ளை முத்துக்கள் வலை மாதிரி வரிசை கட்டியிருந்தன. அளவுகோலை வைத்து நடுவிலிருந்து நீளமான கையின் நுனி வரைக்கும் பார்த்தேன், பதினொன்று மில்லிமீட்டர். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, ஒன்பது. அந்தப் பெண் மேலே நின்று எழுதிக்கொண்டிருந்தாள், நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள். அந்த ஒரு பிளவிலேயே ஏழு குஞ்சுகள். பெரியது ஒன்று மட்டும், ஆரஞ்சு, எண்பத்திரண்டு மில்லிமீட்டர், ஒரு மட்டியின்மேல் கூன் போட்டு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. ஐந்து கையும் முழுசாக இருந்தன. புண் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

குஞ்சுகள் வந்துவிட்டன என்று உடனே சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது. நோய்க்குப் பிறகு சில இடங்களில் குஞ்சுகள் கூட்டமாக வந்தன, வந்ததெல்லாம் பெரிதாகி நிற்பதில்லை. நாலைந்து வருடம் எண்ணினால்தான் தெரியும். அதனால்தான் அளவையும் எடுக்கிறோம். எண்ணிக்கை மட்டும் இருந்தால் நூறு குஞ்சும் நூறு கிழடும் ஒன்றாகிவிடும்.

அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் ஒன்று கவனித்தேன். நான்காவது விளிம்புக்குப் போவதற்குள் அலை திரும்பிவிட்டது, நான் ஏறிவிடலாம் என்றேன். அவள் தாளில் அந்தக் கட்டத்தில் "பார்க்கவில்லை, அலை" என்று எழுதிவிட்டுத்தான் ஏறினாள். நான் சொல்லவில்லை, அவளாகவே எழுதினாள்.

நீல நோட்டுக்கு வருகிறேன். எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். 2012 ஜூலை, காலை வற்றம், உன் இடது கை சிராய்த்து ரத்தம் வந்தது, ஒரு பெரிய அலை வந்து நாம் இரண்டு பேரும் நனைந்தோம், கிளிப்போர்டு தண்ணீருக்குள் போய்வந்தது. தாளின் தலைப்பில் "6:40-க்கு வெளியேறினோம்" என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவது இடத்தின் விளிம்பை நீ பார்த்தாயா, அதற்கு முன்பே கிளம்பிவிட்டோமா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். தாள் நனைந்த நாட்களில் நீ சில எண்களை நோட்டில் எழுதிவைப்பாய், பிறகு தாளில் ஏற்றுவாய், சில சமயம் ஏற்ற மறந்தும் போவாய். அந்த வருடம் நீ எடுத்த போட்டோக்கள் பழைய கேமரா கார்டில் இருந்தாலும் போதும், விளிம்பு தெரிகிற ஒரு படம் கிடைத்தால் அதிலிருந்தே கொஞ்சமாவது எண்ணிவிடலாம்.

நோட்டில் எண் இருந்தால் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. "பார்க்கவில்லை" என்று இருந்தால் அதையும் அப்படியே அனுப்பு, அட்டவணையில் பூஜ்யத்தை எடுத்துவிட்டுக் காலியாக வைத்துவிடுகிறேன், காரணத்தையும் எழுதிவிடுகிறேன். நோட்டே கிடைக்கவில்லை என்றால் நினைவிலிருந்து எண் எதுவும் சொல்லிவிடாதே. எனக்காக யோசித்து, "பத்துப் பன்னிரண்டு இருந்திருக்கும்" என்று எழுதிவிடுவாய் என்று எனக்குப் பயம், உன் மனசு எனக்குத் தெரியும்.

அடுத்த நல்ல வற்றம் அமாவாசையை ஒட்டி வருகிறது. அதற்குள் மூன்றாவது இடத்தின் பழைய வரிசையைச் சரிசெய்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும். மருத்துவர் படி ஏறலாம் என்று சொன்னதும் எழுது, பாறைக்கு இறங்கவேண்டாம், மேலே நின்று எண்களைத் திருப்பிச் சொல்லி எழுத ஆள் வேண்டும்.

உன்,
வாசுகி