கள்ளுக்கடைப் பாட்டையும் ஒதுக்கிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

மலாயா ரப்பர்த் தோட்டத்துக் கள்ளுக்கடைகள் குடும்பங்களைச் சீரழித்த கதையைத் தங்கள் ஞாயிறு பதிப்பில் படித்தேன். அதில் எதையும் மறுக்க மாட்டேன். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒன்று. எங்கள் பீடோங் பக்கம் 1947-இல் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். போலீசோடு மோதல்வரை போனது. எல்லாம் நியாயமான கோபம். ஆனால் அந்தக் கடைகளில் ஒலித்த பாட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லையே, அதுதான் மனதை உறுத்துகிறது.

எங்கள் தோட்டத்தில் ஒருவர் இருந்தார். பெரியவர்களுக்குப் பாட்டுக்காரர், பிள்ளைகளுக்குப் பாட்டுக்காரத் தாத்தா. விடிந்தால் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுவார். சம்பள நாள் சாயங்காலம் கள்ளுக்கடைப் பெஞ்சில் இருப்பார். அப்பாவைக் கூட்டிவர அம்மா அனுப்பினால் நான் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன். தப்பு, உடுக்கை என்று வாத்தியம் எதுவும் அவரிடம் கிடையாது. காலி வாளியை மடியில் கவிழ்த்துக்கொள்வார். உள்ளங்கையால் நடுவில் ஓர் அடி, விரல் நுனியால் விளிம்பில் இரண்டு. முதலில் முருகனுக்கு ஒரு பாட்டு. பிறகு அந்த மாதம் தோட்டத்தில் நடந்ததெல்லாம் வரும். நிறுவையில் பால் எடை குறைந்தது, மழையில் வெட்டு நின்று அரைச் சம்பளமானது, எல்லாவற்றுக்கும் மெட்டு உண்டு. தோட்டத்துக் கணக்கரான கிராணி அந்த வழியாகப் போனால் பாட்டு நிற்காது, குரல்தான் ஏறும். கடைசி அடியைக் கடையே திருப்பிப் பாடும். இத்தனை பேர் சேர்ந்து பாடியதற்கு யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது?

சயாம் பாட்டுக்கு மட்டும் வாளியைத் தொடமாட்டார். ஜப்பான்காரன் ஆட்சியில், 1942-43-இல், சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின்படி, லயம் லயமாக, வாசல் வாசலாக வரிசை தப்பாமல் பாடுவார். பெயர் வந்ததும் அந்த வீட்டு ஆள் குடிப்பதை நிறுத்திக் குவளையைக் கீழே வைத்துவிடுவார். இறுதியில் தன் சொந்த அண்ணன் பெயர். அவர்களுக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு கல்கூட யாரும் நடவில்லை. இருந்த ஒரே பதிவு அந்தப் பாட்டுதான்.

கடையை மூடினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, சனங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளின் வீடுகளுக்குச் சிதறினார்கள். வீட்டுக்கு வீடு கேசட் இருந்த காலத்திலும் அவர் குரலைப் பிடித்துவைக்க யாரும் முன்வரவில்லை. குடிகாரன் பாட்டு என்று சொல்லிவிட்டார்கள். குடியை ஒதுக்கியது சரி. பாட்டைச் சேர்த்து ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரத்தில் எண்பதைத் தாண்டிய தோட்டத்துக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் பாடுவார்கள். வாரம் ஒரு தோட்டப் பாட்டுக்குத் தங்கள் பத்திரிகையில் இடம் கொடுங்கள். எந்தத் தோட்டம், எந்த வேலையின்போது, யாரிடம் கேட்டது என்ற விவரமும் வேண்டும். கொச்சை என்று திருத்திவிடாமல் பாடியபடியே அச்சிட வேண்டுகிறேன். சயாம் பாட்டின் முதல் சில அடிகள் என் அக்காவுக்கு ஞாபகம் இருக்கின்றன. இந்த வாரமே எழுதி அனுப்புகிறேன், மீதி தெரிந்தவர்கள் தங்களுக்கு எழுதட்டும்.

இப்படிக்கு,
பழைய தோட்டத்துக்காரர் ஒருவர்,
பீடோங், கெடா.