இரண்டு பஞ்சாங்கம்

மயூர் விஹார், டெல்லி
தை 18

அன்புள்ள சண்முகம்,

பொங்கலுக்கு மறுநாள் உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்குத் தைலம் தேய்ப்பதோடு நிறுத்திவிடாமல் ஒரு நல்ல டாக்டரைப் பார். நான் வரும்போது குளத்தங்கரையில் நீ என்னோடு நடந்து வர வேண்டும்.

இன்று இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கிளம்புகிறோம். சென்னையில் தங்கை வீட்டில் பத்து நாள், அதன் பிறகு நெல்லை. பெட்டியெல்லாம் நேற்றே கட்டி முடித்ததால் இன்றைய காலைப் பொழுது முழுக்க என் கையில் இருந்தது. யமுனைக்குப் போய்விட்டு வந்தேன். "அந்தச் சாக்கடையில் என்ன பறவை இருந்துவிடப் போகிறது?" என்று கேட்டிருந்தாயே, அந்தக் கேள்வி போகும் வழியெல்லாம் கூடவே வந்தது.

விடியும் முன்பே ஆட்டோ பிடித்து ஓக்லா பறவைகள் சரணாலயத்தின் வாசலில் போய் நின்றேன். ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டியதால் தேங்கிய நீர்ப்பரப்பு அது. 1990-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். சுமார் 4 சதுர கிலோமீட்டர். மேலே மின்கம்பிகள், பக்கத்திலேயே மெட்ரோ. ஏழு மணிக்கு மூடுபனியில் எதிரில் இருக்கும் கோரைப்புல்லே தெரியவில்லை. காதால்தான் பறவை பார்க்க வேண்டியிருந்தது. புல்லுக்குள் தாழைக்கோழிகளின் சச்சரவு, எங்கோ ஒரு மீன்கொத்தியின் கீச்சொலி. எட்டரைக்கு மேல் பனி விலகத் தொடங்கியதும் நாமக்கோழிகள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. பிறகு ஊசிவால் வாத்துகள், அவற்றுக்கு அப்பால் தட்டைவாயன்கள். இமயமலைக்கு வடக்கே எவ்வளவோ தொலைவிலிருந்து வந்தவை. கரண்டி போன்ற அலகை நீரில் அழுத்திக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டு நீந்தின. அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற அமைப்பு உண்டு. அதில் தண்ணீரை வடித்துவிட்டு, தங்கும் சிற்றுயிர்களைத் தின்னும்.

இத்தனை பறவைகள் இருப்பதால் ஆறு நன்றாக இருக்கிறது என்று இங்கே சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. நகரத்தின் குடிநீருக்காக வசீராபாத் தடுப்பணையிலேயே ஆற்றை எடுத்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே நஜஃப்கர் நாலா என்ற பெரிய கழிவுநீர்க் கால்வாய் வந்து கலக்கிறது. மழையில்லாத மாதங்களில் டெல்லிக்குள் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான். வசீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர். ஆற்றின் மொத்த நீளம் 1,376 கிலோமீட்டர். இரண்டு சதவீதம்கூட இல்லாத இந்தத் துண்டில்தான் யமுனையின் அழுக்கில் முக்கால் பங்குக்கு மேல் சேருகிறது. தட்டைவாயனும் பவளக்காலியும் இதைத் தாங்கிக்கொண்டு பிழைக்கின்றன என்பதற்காக ஆற்றுக்கு நற்சான்று எழுதிக் கொடுத்துவிட முடியாது. அந்த நாலாவும் ஒரு காலத்தில் சாஹிபி என்று பெயர் கொண்ட ஆறுதான், சண்முகம். பெயர்கூட மிஞ்சாமல் ஒரு ஆறு போய்விட்டதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அங்கிருந்து நேராகப் புராணா கிலா பக்கம், மிருகக்காட்சி சாலைக்குப் போனேன். கூண்டுகளைப் பார்க்க அல்ல. உள்ளே குளங்களின் நடுவே மண் திட்டுகள் உண்டு. 1960-லிருந்து காட்டு நாரைகள் தாமாகவே வந்து அங்கே கூடு வைக்கின்றன. நம் ஊர் மஞ்சள்மூக்கு நாரைதான். யாரும் பிடித்து வைக்கவில்லை. ஆவணி வாக்கில் வருகின்றன, குஞ்சு பொரித்து வளர்த்து, பங்குனிக்குள் போய்விடுகின்றன. இன்று பல கூடுகள் காலி. வளர்ந்த குஞ்சுகள், இன்னும் ரோஜா நிறம் ஏறாத அழுக்குப் பழுப்பு உடம்போடு, கிளை நுனியில் நின்று சிறகை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தன. ஒன்று துணிந்து எதிர்த்திட்டுக்குப் பறந்து, இறங்கத் தெரியாமல் கிளையில் தடுமாறி, ஒருவழியாக நின்றுவிட்டது. நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றேன்.

இந்த நாரை மீனைக் கண்ணால் தேடுவதில்லை. அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டு அப்படியும் இப்படியும் துழாவும், காலால் சேற்றைக் கிளறும், அலகில் மீன் பட்ட நொடியில் கவ்விக்கொள்ளும். கலங்கல் தண்ணீர் அதற்குத் தடையே இல்லை. ஆனால் மீன் வேண்டும். குஞ்சுகளுக்கு ஏராளமாக வேண்டும். அதனால்தான் இங்கே தென்மேற்குப் பருவமழையில் நீர்நிலைகள் நிரம்பி மீன் பெருகியதும் கூடு கட்டுகிறது. நம் பக்கமோ வடகிழக்குப் பருவமழை பெய்து, மணிமுத்தாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்து, பறவைகள் சரணாலயமான நம் கூந்தன்குளம் நிறைந்த பிறகுதான் குச்சி பொறுக்கவே தொடங்குகிறது. இங்கே குஞ்சுகள் பறக்கிற நேரத்தில் அங்கே முட்டை. ஒரே பறவைக்கு இரண்டு பஞ்சாங்கம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், உங்கள் ஊர்க் குளத்துச் சீமைக் கருவேல மரங்களை வெட்ட இந்த மாசியில் ஏலம் விடப் போவதாக எழுதியிருந்தாய். அடுத்த பக்கத்திலேயே, ஐந்தாறு நாரைகள் அந்த மரங்களில் குச்சி சேர்ப்பதாகவும் எழுதியிருந்தாய். இரண்டையும் நீ சேர்த்துப் பார்த்தாயா? அந்த மரம் நம் நிலத்தடி நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் படுத்தும் பாடு எனக்குத் தெரியும். அதை வளர்க்கச் சொல்லவில்லை. ஆனால் இங்கே திட்டுகளில் நான் பார்த்த கூடுகளில் பலவும் அதே மரத்தில்தான் இருந்தன. மாசியில் கோடரி வைத்தால் முட்டையும் குஞ்சும் மண்ணில் விழும். ஆனி கழியட்டும், அதற்குள் பறந்துவிடும். ஏலத்தை மட்டும் தள்ளிவைக்கச் சொல். வெட்டும்போதும் ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல், கரையில் நாட்டுக் கருவேலமோ நீர்மருதோ வைத்து வளரவிட்டு, பகுதி பகுதியாக வெட்டலாம். கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்தில் கூடு கட்டினால்கூட விரட்டாமல் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். உங்கள் ஊருக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்?

ஊர்க்கூட்டத்தில் நீ பேசினால் கேட்பார்கள். நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாள் குறித்துவிட்டால் மாற்றுவது கடினம். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு.

பைனாகுலரைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். இதை ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன், எனக்கு முன்னால் உன்னிடம் வந்து சேர்ந்துவிடும். நாங்குநேரியிலிருந்து கூந்தன்குளத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வை. குச்சி சேர்த்த அந்த ஐந்தாறு, இப்போது எத்தனை ஆகியிருக்கின்றன என்று எண்ணி, சென்னை முகவரிக்கு ஒரு கார்டு போடு.

உன்
கணபதி