அந்த இரட்டைத் தலைப் பாம்பு யாருடையது?

கனடாவின் வான்கூவர், விக்டோரியா நகரங்களில் பூர்வகுடி ஓவிய அச்சுகளை விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். போன கோடையில் உங்களில் ஒருவரிடம் ஒரு ஸ்கிரீன் பிரிண்ட் வாங்கினேன். சிவப்பு, கறுப்பு, பச்சை என மூன்றே நிறம். இரு முனையிலும் நாக்கு நீட்டிய பாம்புத் தலை, நடுவில் கொம்பு முளைத்த மனித முகம். ஓரத்தில் பென்சிலால் பிரதி எண்ணும் ஓவியரின் கையெழுத்தும். என்ன உருவம் என்று கேட்டேன். "பாம்பு டிசைன்" என்றார் விற்றவர். அவ்வளவுதான்.

அது சிசியூட்ல். கனடாவின் மேற்குக் கரைப் பூர்வகுடிகளான குவாகுவகவாக் மக்களிடம் போர்வீரர்களுக்கு வலிமை தரும் உருவம். தகுதியில்லாமல் பார்ப்பவரைக் கல்லாக்கிவிடும் என்பார்கள். உதடு குவித்து நிற்கும் ட்சுனுக்வாவையும் 'காட்டுப் பொம்பளை' என்று விற்கிறீர்கள். முதுகுக் கூடையில் பிள்ளை பிடிக்கிறவள்தான், ஆனால் செல்வம் தருபவளும் அவளே.

இவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடும் கோலம் அல்ல. குவாகுவகவாக் மக்களில் ஒரு பிரிவான நம்கிஸ் மக்களின் முன்னோர் ஒருவர் வீடு கட்டியபோது, தூக்க முடியாத உத்தரத்தை இடிப்பறவை தூக்கி வைத்தது என்பது அவர்கள் வரலாறு. இப்படிப்பட்ட சின்னங்களைக் காட்டும் உரிமை குடும்பச் சொத்து. பரம்பரையாக வரும், கல்யாணத்தில் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்கும் வரும். பாட்லாட்ச் விருந்தில் ஊரார் முன் காட்டி, சாட்சியாக வந்தவர்களுக்குப் பரிசு கொடுத்தால்தான் அது நிலைக்கும். நான் வாங்கியது காகிதத்தை மட்டும்.

அந்த விருந்தைத்தான் கனடா அரசு 1885 முதல் 1951 வரை தடை செய்தது. 1921-இல் வில்லேஜ் தீவில் நடந்த விருந்துக்காக ஆட்களைச் சிறையில் தள்ளி, முகமூடிகளைப் பறித்தார்கள். அவற்றில் பல திரும்பி வந்து, அலெர்ட் பேயில் 1980-இல் திறந்த உமிஸ்டா பண்பாட்டு மையத்தில் இருக்கின்றன. இவ்வளவு பட்டு மீட்ட பெயர்களை, விலைச்சீட்டில் எழுதாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

கேட்பது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு அச்சுக்கும் பின்னால் ஓவியர் பெயர், அவருடைய மக்கள், உருவத்தின் பெயர், அது குடும்பச் சின்னமா பொது உருவமா என்பது, இவற்றை எழுதி ஒட்டுங்கள். ஓவியரிடம் கேட்டால் தெரிந்துவிடும். வெளியே சொல்லக் கூடாது என்று அவர் எதையாவது நிறுத்திக்கொண்டால், சரி, அதற்கு மேல் கேட்காதீர்கள்.

என்னிடம் இருக்கும் சிசியூட்லுக்கு இன்னும் ஃபிரேம் போடவில்லை. அடுத்த மாதம் கடைக்கு வருகிறேன். அந்தச் சீட்டை ஒட்டிய பிறகு போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்