பவர் விண்டோ மெதுவானால் மோட்டார் மீதே பழியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காரின் பவர் விண்டோ திணறித் திணறி ஏறுகிறது என்று கேட்டிருந்த வாசகருக்கு உங்கள் வாகனப் பக்கத்தில், ‘மோட்டார் தளர்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள், அதுவரை கண்ணாடி ஓடும் இடத்தில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள்’ என்று பதில் வந்திருந்தது. முதல் யோசனை அவசரப்பட்டது. இரண்டாவது, இருக்கும் கோளாறை வளர்ப்பது.

மோட்டார் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள். ஸ்பேனரைத் தொடும் முன் கண்ணாடியை ஏற்றி இறக்கிக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சரளமாக இறங்கி, ஏறும்போது மட்டும் திணறினால் பெரும்பாலும் உராய்வுதான். இறங்கும்போது கண்ணாடியின் எடையே மோட்டாருக்குக் கைகொடுப்பதால் உராய்வு வெளியே தெரிவதில்லை. ஏற்றம், இறக்கம் இரண்டுமே மந்தம் என்றால் மின்சாரத்தையோ மோட்டாரையோ பார்க்கலாம். நான்கு கதவிலும் மந்தமா? நான்கு மோட்டாரும் சேர்ந்தாற்போல் கெடாது. எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். வேகம் கூடினால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.

கண்ணாடியின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ‘ப’ வடிவ ரப்பர் சேனலுக்குள் ஓடுகின்றன. புதிதில் அதன் உட்புறம் வெல்வெட் போன்ற மெல்லிய பூச்சு இருக்கும். வெயிலிலும் தூசியிலும் பூச்சு தேய்ந்து, ரப்பர் இறுகி, கண்ணாடியைக் கவ்விப் பிடிக்க ஆரம்பிக்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கண்ணாடியை முழுக்க இறக்கி, இரண்டு பக்கச் சேனலிலும் சோப்புத் தண்ணீர் தெளித்து உடனே ஏற்றுங்கள். வேகம் பளிச்சென்று கூடினால் குற்றவாளி ரப்பர்.

சுத்தம் செய்ய, மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலில் ஈரத்துணியைச் சுற்றி, சேனலுக்குள் நுழைத்து மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். துணி கறுத்து வரும். கறுப்பு நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின், மெல்லிய குழாய் முனை பொருத்திய சிலிகான் ஸ்ப்ரேயைப் பக்கத்துக்கு 2, 3 வினாடி அடித்தால் போதும். ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிவிட்டுக் கண்ணாடியில் ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள். முன்கண்ணாடியில் பட்டால் வைப்பர் ஓடும்போது படலம் படலமாகத் தெரியும். கதவுக்குச் சீக்கிரம் பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் சிலிகான் பக்கமே போக வேண்டாம். அது பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் ஃபிலிமின் ஓரம் சுருண்டு சேனலில் சிக்குவதும் உண்டு. அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எண்ணெய் ஏன் கூடாது? பெட்ரோலிய எண்ணெயும் சாதாரண கிரீஸும் ரப்பரை ஊறி உப்பச் செய்யக்கூடியவை. உப்பிய சேனல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். போதாததற்குத் தூசி எண்ணெயில் குழைந்து, ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் கீறல் போடும். முதல் சில நாள் வழுக்கிக்கொண்டு ஓடுவதால்தான் இந்த வைத்தியத்துக்கு இவ்வளவு பெயர்.

ரப்பர் சரியாகியும் மந்தம் தீரவில்லையென்றால் மின்சாரம். ஃபியூஸை மாற்றிப் பார்ப்பது வீண். ஃபியூஸ் போனால் கண்ணாடி நின்றுவிடுமே தவிர மெதுவாகாது. முதலில் கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் போகும் வயர்களைக் கவனியுங்கள். கதவு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியதில், மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். ஸ்விட்சை அழுத்திக்கொண்டே கதவை மெல்லத் திறந்து மூடும்போது வேகம் மாறினால் கோளாறு அங்கேதான்.

அடுத்து டோர் பேடை, அதாவது கதவின் உட்புற மூடியைக் கழற்றி, மோட்டார் கனெக்டரில் வோல்ட் அளக்க வேண்டும். கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது முக்கியம். கனெக்டரைக் கழற்றி அளந்தால் முழு வோல்ட் காட்டி ஏமாற்றும். எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் 14 வோல்ட், மோட்டாரில் 11 தான் என்றால் அந்த 3 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. பெரும்பாலும் கருகிய ஸ்விட்ச் கான்டாக்ட் அல்லது துருப்பிடித்த எர்த் இணைப்பு. பழைய பாணி வயரிங்கில் மற்றக் கதவுகளின் மின்சாரமும் டிரைவர் பக்க மெயின் ஸ்விட்ச் வழியாகவே சுற்றி வரும். ஆகவே பின்கதவு மந்தத்துக்கு முன்கதவு ஸ்விட்ச் காரணமாக இருக்கலாம். சோதனையின்போது ஓயாமல் ஏற்றி இறக்கினால் மோட்டாருக்குள் இருக்கும், சூடு மீறாமல் காக்கும் அமைப்பு அதை நிறுத்திவிடும். பயப்பட வேண்டாம், சில நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

வோல்ட் சரி, ரப்பர் சரி என்றால் கண்ணாடியை, அதைத் தாங்கி ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரிலிருந்து விடுவித்து, கையால் ஏற்றி இறக்குங்கள். பிறகு கண்ணாடி இல்லாமல் மோட்டாரையும் ரெகுலேட்டரையும் ஓட்டுங்கள். கண்ணாடி கையில் லேசாக ஓடி, ரெகுலேட்டர் மட்டும் திணறினால் கேபிள் பிசிறியிருக்கும், அல்லது பிளாஸ்டிக் ஸ்லைடர் உடைந்திருக்கும். கண்ணாடி ஒருபக்கம் சாய்ந்து ஏறுவதும் கடகடவென்ற சத்தமும் இதன் அடையாளம். ரெகுலேட்டரின் இரும்புத் தண்டவாளத்துக்கு மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, கண்ணாடியை மேலே டேப் போட்டு நிறுத்திய பிறகே கதவுக்குள் கை விட வேண்டும். கத்தரிக்கோல் போல விரிந்து மடங்கும் கத்தரி வகை ரெகுலேட்டர்களில் கண்ணாடியின் எடையைத் தாங்க முறுக்கிய ஸ்பிரிங் இருக்கும். பற்சக்கரத் தகட்டை போல்ட்டாலோ கிளாம்ப்பாலோ அசையாமல் பிடிக்காமல் மோட்டாரைக் கழற்றினால் ரெகுலேட்டரின் கை சட்டென்று உதறி உங்கள் விரலை நசுக்கும். பழகாதவர்கள் இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

மேலே போய்த் தொட்டதும் கண்ணாடி தானாக இறங்கினால், அது கை சிக்காமல் தடுக்கும் வசதியின் வேலை. சுமார் 100 நியூட்டனுக்குமேல் (ஏறக்குறைய 10 கிலோ எடையின் அழுத்தம்) எதிர்ப்பு வராமல் பார்த்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட அதற்கு, இறுகிய ரப்பரும் விரலும் ஒன்றுதான். அதைத் துண்டிக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகும் இப்படி நடக்கும். பல கார்களில் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, ஸ்விட்சைச் சில வினாடி அப்படியே பிடித்திருந்தால் பழைய நினைவு திரும்பும். உங்கள் காருக்கான முறை கையேட்டில் இருக்கும்.

டோர் பேடை மூடும்போது உள்ளே இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைப் பழையபடி இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். கிழித்து எறிந்தால் மழைத் தண்ணீர் காருக்குள் வரும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். அவை அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தேங்கும் தண்ணீரும் ஈரமும் மோட்டாரையும் கேபிளையும் துருப்பிடிக்க வைக்கும்.

எண்ணெய் விடச் சொன்ன பதிலுக்கு மட்டுமாவது அடுத்த வாரப் பக்கத்தில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்