ஷானன் மில்லருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஷானன் மில்லர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களைப் பிடிக்கும். ஆனால் ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது, அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

1998, ஜப்பானின் நகானோ. குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக இடம்பெற்ற ஆண்டு. கனடாவுக்கு நீங்கள்தான் பயிற்சியாளர். லீக் ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராக 4-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 7-4 என்று தோற்றீர்கள். உங்கள் அணியின் டேனியல் கோயெட்டுக்குத் தந்தை இறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அமெரிக்காவின் சாண்ட்ரா வைட் அந்தத் தந்தையைப் பற்றியே ஏதோ சொல்லிச் சீண்டினார் என்று நீங்கள் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினீர்கள். வாக்குவாதம் நடந்தது உண்மை, ஆனால் தந்தையைப் பற்றி எதுவும் பேசவில்லை என்று வைட் மறுத்தார்.

யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் பென் ஸ்மித்தைத் தனியாகப் பார்த்துக் கேட்டிருக்கலாமே? கோயெட்டின் துக்கத்தைச் செய்தியாளர்களிடம் கொண்டுபோக வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டியவர் கோயெட்தான். தன் வீராங்கனைக்காகக் கோபப்படுவது பயிற்சியாளரின் வேலை, சரி. அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது என்று யோசிப்பதும் அதே வேலைதான். இறுதி ஆட்டத்தில் கடைசி நொடிகளில் கோல்கீப்பர் இல்லாத உங்கள் காலி வலைக்குள் பக்கை (ஹாக்கி வட்டை) அடித்து அமெரிக்காவின் 3-1 வெற்றியை முடித்து வைத்தவர் அதே வைட். உங்களுக்கு அது எவ்வளவு எரிந்திருக்கும்!

அதே ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா டுலூத் பல்கலைக்கழகம் புதிதாகப் பெண்கள் அணி அமைக்க உங்களை அழைத்துக்கொண்டது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ 2001-இல் பெண்களுக்கு முதல் சாம்பியன்ஷிப் நடத்தியபோது கோப்பை உங்களுக்கு. 2002, 2003 என்று தொடர்ந்து, பிறகு 2008, 2010. மொத்தம் 5.

2014 டிசம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார்கள். காரணம் பணம் என்றார்கள். உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். அப்போது 1 பட்டம் மட்டுமே வென்றிருந்த ஆண்கள் அணிப் பயிற்சியாளருக்கு உங்களைவிட அதிகச் சம்பளம், அவர் வேலையில் நீடித்தார். நீங்கள் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டீர்கள். உங்கள் அணி கடைசி ஆண்டுகளில் பழைய மாதிரி ஆடவில்லை என்ற வாதமும் அந்த வழக்கில் வந்தது. அது முழுப் பொய் இல்லை, 2011-க்குப் பிறகு நீங்கள் தேசியப் போட்டிக்கே போகவில்லை. ஆனால் ஆண்கள் அணிக்குக் கிடைப்பதில் நியாயமான பங்கு பெண்களுக்கு இல்லை என்று நீங்கள் புகார் செய்துவந்ததும், அதற்குப் பழிவாங்கல் நடந்ததும் நீதிமன்ற நடுவர் குழுவுக்குத் (ஜூரி) தெளிவாகவே பட்டது. பாலினப் பாகுபாடு, பழிவாங்கல் இரண்டும் உண்மை என்று 2018 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 37.4 லட்சம் டாலர் இழப்பீடு, அதில் 30 லட்சம் மன உளைச்சலுக்காக.

நகானோவில் உங்கள் வாய் அவசரப்பட்டது. டுலூத்தில் கேட்க வேண்டியவர்களிடமே, கணக்குப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விஷயங்களைக் கேட்டீர்கள். இரண்டையும் சேர்த்து ‘அந்தம்மா எப்போதும் சண்டைக்காரி’ என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். ஆண் பயிற்சியாளர் பெஞ்சில் நின்று கத்தினால் அதற்கு வேகம், வெறி என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிற உலகம் இது.

ஆனால் எனக்குக் கேட்க வேண்டியது வேறு. டிசம்பரில் வேலை போனது தெரிந்தும் சீசன் முடியும்வரை நீங்கள் பெஞ்சில் நின்றீர்கள். 18 முதல் 22 வயதுப் பெண்கள், பலரும் உங்களை நம்பியே அந்தக் கல்லூரிக்கு வந்தவர்கள். யார் ஆட வேண்டும், யார் உட்கார வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் இன்னும் உங்கள் கையில்தான் இருந்தது. அடுத்த ஆண்டு நீங்கள் இருக்கப் போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். அந்த மாதங்களில் உடைமாற்றும் அறைக்குள் போய் என்ன பேசினீர்கள்? நிர்வாகத்தின் மேல் இருந்த கோபத்தை எங்கே இறக்கி வைத்தீர்கள்? கோப்பைகளைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள், வழக்கைப் பற்றியும்தான். அந்தக் கடைசி சீசனைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகை